வெயிலுக்கு வெட்டிய முடி ஜிம்மிக்குத் திரும்ப வளரலைங்க, என்ன காரணம்?

திருப்பூர்க்காரன்:
எங்க ஜிம்மி வெள்ளைப் பொமரேனியன், ஆண், நாலு வயசு. கருத்தடை பண்ணலைங்க. போன சித்திரையில வெயில் தாங்காம மூச்சு வாங்குதேன்னு சலூனுக்குக் கூட்டிட்டுப் போனோம். மெஷின் போட்டு உடம்பு முழுக்க ஒட்ட வெட்டிட்டாங்க. தை பொறந்தாச்சு, இன்னும் முதுகுலயும் தொடையிலயும் பூனைமுடிதான் இருக்கு. தோலும் கருத்துட்டு வருது. தலையிலயும் கால்லயும் நல்லாவே இருக்குங்க. சொறியறதில்ல, புண்ணு இல்ல, சோறு நல்லா திங்குது.

எங்க அக்கா வீட்டு பூடிலுக்கும் அதே சலூன், அதே மெஷின்தான். அதுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வெட்டியே மாளலை. இவனுக்கு மட்டும் ஏனுங்க?

மீன்குழம்பு:
சத்துக் குறைவுதான். மத்தி மீன் வேகவச்சுப் போடுங்க, தேங்காய் எண்ணெய் தடவுங்க. ஒரே மாசம்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
மத்தி போடுங்க தம்பி, ஜிம்மி சந்தோஷப்படும். முடி அதனால் வராது.

பூடிலை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு மயிர்க்காலும் கொஞ்ச காலம் வளரும், பிறகு சுருங்கும், பிறகு ஓய்வெடுக்கும். நம் தலைமுடி 2 முதல் 6 வருஷம் வளர்ந்துவிட்டு ஏறக்குறைய 3 மாதம் சும்மா இருக்கும். பூடிலும் நம்ம கட்சி. பெரும்பாலான மயிர்க்கால்கள் எப்போதும் வளர்ச்சியில்தான் இருக்கும். பொமரேனியன், ஹஸ்கி, சௌ சௌ எல்லாம் நேர் எதிர். வளர்ந்து முடித்த முடியைப் பிடித்துக்கொண்டு மயிர்க்கால் மாதக்கணக்கில் ஓய்வில் கிடக்கும். மேலே மெஷின் ஓடியது அதற்குத் தெரியாது. அடுத்த சுற்று தொடங்கினால்தான் புது முடி. ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷம் தாண்டியும் போகலாம்.

அந்தச் சுற்றைத் தொடங்கிவைப்பதிலும் நிறுத்திவைப்பதிலும் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. தைராய்டு ஹார்மோன் மயிர்க்காலை எழுப்பிவிடும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் மிஞ்சினால் எழ விடாது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் அப்படியே. 1996-ல் அமெரிக்காவில் சுண்டெலியின் தோலில் ஈஸ்ட்ரோஜனைத் தடவிப் பார்த்தார்கள்; மயிர்க்கால்கள் ஓய்வை விட்டு நகரவில்லை. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைத் தடவியதும் முளைக்க ஆரம்பித்தன. ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு முடி வளர்க்கும் என்று படித்தவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். உயிரினத்துக்கு உயிரினம் மாறும், என்ன செய்ய?

அதனால் மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. தண்ணீர் அதிகமாகக் குடித்து அடிக்கடி மூத்திரம் போகிறதா, வயிறு தொங்குகிறதா? அப்படியென்றால் கார்டிசோல் மேல் சந்தேகம். எடை ஏறி, மந்தமாக ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கிறதா? தைராய்டு. விதை இரண்டும் பையில் இறங்கியிருக்கிறதா? கையால் தொட்டுப் பாருங்க.

திருப்பூர்க்காரன்:
தண்ணி எப்பவும் போலத்தானுங்க. பந்தைக் கண்டா இன்னும் பறக்குது. ஆனா சார், விதை ஒண்ணுதான் கைக்கு ஆப்படுது. இது பெரிய விஷயமுங்களா?

ரெண்டு பிள்ளைக்காரி:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எனக்குப் பிரசவமாகி மூணாம் மாசம் சீப்பு நிறைய கொத்துக் கொத்தா வந்துச்சு. அதே வருஷம் குட்டி போட்ட எங்க லேப்ரடாரும் வீடெல்லாம் முடியா உதிர்த்துச்சு. ரெண்டும் ஒண்ணுதானா டாக்டர்?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
கிட்டத்தட்ட அதேதான்மா. கர்ப்பத்தில் ஏறியிருந்த ஹார்மோன்கள் உங்கள் தலைமுடியை வளர்ச்சியிலேயே நிறுத்தி வைத்திருந்தன. பிரசவத்தோடு அவை இறங்க, நிறைய மயிர்க்கால்கள் ஒன்றாக ஓய்வுக்குப் போய்விட்டன; அந்த ஓய்வு முடியும்போது முடி ஒன்றாகக் கொட்டியது. திரும்ப வந்திருக்குமே. லேப்ரடாருக்கும் வந்திருக்கும்.

தம்பி, விதை விஷயம் பெரிசுதான். இறங்காத விதை வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ இருக்கும். அதில் கட்டி வரும் வாய்ப்பு அதிகம், சில கட்டிகள் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அப்போது முடி கொட்டும், முலைக்காம்பு வீங்கும், மற்ற ஆண் நாய்கள் பின்னாலேயே சுற்றும். நாலு வயசில் கட்டி அபூர்வம். ஆனாலும் ஸ்கேன் எடுத்து இரண்டையும் நீக்கிவிடச் சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன் எப்படியும் ரத்தம் எடுப்பார்கள், அதிலேயே தைராய்டு அளவைக் காட்டும் டி4, டி.எஸ்.எச் பார்த்துவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, வெட்டியதால் வந்த தாமதம். மற்றது, பொமரேனியன் போன்ற இனங்களில் அதிகம் வரும், காரணம் பிடிபடாத முடியிழப்பு. 'அலோபீசியா எக்ஸ்' என்பார்கள். தோல் கருப்பது இரண்டிலும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பரிசோதனைக்காகத் தோலில் துளி வெட்டி எடுத்த இடத்தில் மட்டும் குடுமி போல முடி முளைக்கும். காயம் அந்த மயிர்க்கால்களை எழுப்பிவிடுகிறது. சிலதுக்குக் கருத்தடைக்குப் பிறகே முடி வந்துவிடும்.

திருப்பூர்க்காரன்:
சனிக்கிழமை ஸ்கேனுக்கு எழுதி வச்சாச்சுங்க சார். தூக்கத்துக்குக் குடுக்கற மெலட்டோனின் மாத்திரை குடுத்தா வளரும்னு ஒருத்தர் சொன்னாரு, வாங்கட்டுங்களா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
சில நாய்களுக்குக் கேட்கும், சிலதுக்குக் கேட்காது. ஸ்கேனும் ரத்தமும் முடியட்டும், அளவை உங்க டாக்டர் சொல்வார். மனுஷருக்கு விற்கும் மெல்லும் மிட்டாய் வகையை மட்டும் வாங்காதீங்க. சிலதில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் இருக்கும், நாய்க்கு அது விஷம். வரும் சித்திரைக்கு மெஷின் வேண்டாம், உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும்.