ஜீப்புக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டிப் போட்டா என்ன?

பள்ளத்தூர் ஜீப்:
எல்லாருக்கும் வணக்கம். நம்மகிட்ட இருக்கிறது பழைய 2.5 லிட்டர் டீசல் ஜீப்பு, ஃபோர் வீல் டிரைவ். கொஞ்ச நாளா டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கே வர மாட்டேங்குது. காரைக்குடி கடைத்தெருவுல உருட்டும்போது லேசா ஏறுது. திருப்பத்தூர் ரோட்ல எழுபதுல போனா மறுபடி அடியில போய் உக்காந்துக்குது. மைலேஜும் குறைஞ்சிருக்கு. மெக்கானிக் பாத்துட்டு, "தெர்மோஸ்டாட், அதான் ரேடியேட்டருக்குத் தண்ணி விடுற வால்வு, தொறந்தபடி மாட்டிக்கிச்சு. நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு? கழட்டிப் போட்டுட்டுப் பச்சைத் தண்ணிய ஊத்தி ஓட்டுங்க"ன்னுட்டார். எனக்கு மனசு ஒப்பல. ரேடியேட்டர்ல தண்ணியோட கலந்து ஊத்துற கூலன்ட்டும் செம்மண் கரைச்ச மாதிரி கிடக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டையும் நானே மாத்தலாம்னு இருக்கேன். ஊரணிக் கரை ஏத்தத்துல மூக்கு மேல பாக்க நிறுத்திச் செஞ்சா காத்து அடைக்காதாமே. புது தெர்மோஸ்டாட் மாட்டவா, இல்ல மெக்கானிக் சொன்னபடியே விட்டுடவா?

டீசல் மாமா:
மெக்கானிக் சொன்னதுதான் சரி தம்பி. தெர்மோஸ்டாட்டுங்கிறது குளிர் நாட்டுக்காரன் இன்ஜின் சீக்கிரம் சூடாகட்டும்னு வச்ச சாமான். இங்க கத்திரி வெயில்ல பானெட்டுல கை வைக்க முடியல, இன்னும் என்னத்தைச் சூடாக்குறது? நான் பாத்த பழைய ஜீப்பு, டிராக்டர் பாதிக்கு மேல அது இல்லாமத்தான் ஓடுச்சு. ஒண்ணும் ஆகல.

துருப்பிடிச்சவன்:
மாமா, வெளிய 40 டிகிரி அடிச்சாலும் இன்ஜினுக்கு வேணுங்கிறது 80க்கு மேல. நம்ம வெயில் அதுல பாதிதான். பெரும்பாலான தெர்மோஸ்டாட் மேல 82னு பொறிச்சிருப்பாங்க. உள்ள ஒரு மெழுகுக் குப்பி இருக்கு. அந்தச் சூட்டுல மெழுகு உருகிப் பெருத்து வால்வைத் தள்ளும், 95 வாக்குல முழுசாத் தொறக்கும். ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணி போகணும்னு நிமிசத்துக்கு நிமிசம் முடிவு பண்றது அதுதான். காலையில இன்ஜினைச் சூடாக்குறதோட அதுக்கு வேலை முடிஞ்சிடுறதில்ல.

பள்ளத்தூர் தம்பி ஒண்ணைக் கவனிங்க. இன்ஜின் குளிர்ந்து ஓடுற விஷயத்துல, தொறந்தபடி மாட்டிக்கிட்ட தெர்மோஸ்டாட்டும் இல்லாத தெர்மோஸ்டாட்டும் ஒண்ணுதான். மைலேஜ் குறைஞ்சதுன்னு சொல்றீங்களே, அது அதனாலதான். கழட்டிப் போட்டா இப்ப இருக்கிற இதே வியாதி நிரந்தரமாயிடும். டீசல் இன்ஜின் குளிர்ந்தே ஓடினா டீசல் முழுசா எரியாது. எரியாதது சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு ஆயில்ல கலக்கும். ஆயில் மட்டம் பாக்குற டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, டீசல் வாடை வருதான்னு.

தேவகோட்டை ஸ்பானர்:
துரு அண்ணன் கட்சிதான் நானும். தெர்மோஸ்டாட் இல்லன்னா தண்ணி ரேடியேட்டர்ல நிக்காம வேகமா ஓடிடும், ஆறுறதுக்கு நேரமே இருக்காது. அதனாலதான் கழட்டின வண்டி மலையேத்தத்துல கொதிக்குது.

துருப்பிடிச்சவன்:
தம்பி, எனக்கு ஆதரவா பேசுறீங்க, ஆனா காரணம் தப்பு. வேகமா ஓடுற தண்ணி ரேடியேட்டர்ல அதிகச் சூட்டைத்தான் கழிக்கும், குறைச்சு இல்ல. கழட்டின வண்டி கொதிக்கிறது பைபாஸ் வழியால. பல இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ ரெண்டாவதா ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு தொறக்கத் தொறக்க அந்தத் தட்டு போய் பைபாஸை அடைக்கும். முழுசையும் எடுத்துட்டா அடைக்க ஆள் கிடையாது. சுடு தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம குறுக்கு வழியில திரும்பவும் இன்ஜின் பிளாக்குக்குள்ள போயிடும். வெறும் வண்டியாப் போனா முள்ளு கீழ, லோடு ஏத்தினா மேல. ரெண்டு பக்கமும் நட்டம்.

டீசல் மாமா:
பைபாஸ் கதையெல்லாம் சரி. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. தொறந்தபடி மாட்டினா மைலேஜ்தான் போகும். மூடினபடி மாட்டினா? வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏத்தத்துல மூடிக்கிட்டா பிளாக்குக்கும் மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவுல உள்ள ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டும் வளைஞ்சுது. பத்து பைசா மிச்சம் பாக்கப் போய் இன்ஜினையே எறக்கணும். கடையில விக்கிற தெர்மோஸ்டாட்டுல எது அசல், எது டூப்புன்னு யாருக்குத் தெரியும்?

தேவகோட்டை ஸ்பானர்:
அதுக்குத்தானே மாட்டுறதுக்கு முன்னாடி சோதிக்கிறது. வாங்கின உடனே வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஆறின நிலையில வால்வு ஒட்டிக்கிட்டு இருக்கணும், இடுக்குல வெளிச்சம் தெரியக் கூடாது. அப்புறம் லேசா வால்வை விரிச்சு இடுக்குல ஒரு நூலைக் கவ்வ விடுங்க. அந்த நூல்லயே சட்டித் தண்ணியில தொங்க விட்டு அடுப்பைப் பத்த வைங்க. சட்டி அடியில முட்டக் கூடாது, முட்டினா அடியோட சூடு அதுக்கு ஏறிடும். தெர்மாமீட்டரை ஓரமா நிறுத்திக்குங்க. 82 கிட்ட வந்ததும் வால்வு நூலை விட்டுடும், தெர்மோஸ்டாட் ணங்குனு சட்டியில விழும். 70லயே விழுந்தாலும் சரி, தண்ணி தளதளன்னு கொதிச்சும் விழலைன்னாலும் சரி, கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. புதுசா இருக்கும்போதே பண்ணிடுங்க. கூலன்ட்ல ஊறின பழசைச் சமையல் சட்டியில போடவே கூடாது.

டீசல் மாமா:
சரி, நீங்க பரீட்சை வச்சே மாட்டுங்க. கூலன்ட் எதுக்கு? அது உறையாம இருக்கிறதுக்கு. நம்ம ஊர்ல மார்கழியிலயும் விசிறி ஓடுது. கொதிக்கும்னு சொல்வீங்க. ரேடியேட்டருக்கு ஒரு பார் அழுத்த மூடி போட்டா பச்சைத் தண்ணியே 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. பத்தாதா? அதுவும் நம்ம காரைக்குடி சம்பை ஊத்துத் தண்ணி மாதிரி நல்ல தண்ணி வேற எங்க கிடைக்கும்?

துருப்பிடிச்சவன்:
120 கணக்கு சரி, மறுக்கல. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் அதே மூடியில 129 வாக்குல கொதிக்கும். அந்த ஒன்பது டிகிரிக்காக நான் வாதாடல. சூட்டைச் சுமக்கிறதுல பச்சைத் தண்ணிதான் ஒரு படி மேல, அதையும் ஒத்துக்கிறேன்.

என் வாதம் துரு. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், பித்தளை, சால்டரு எல்லாம் ஒரே தண்ணியில நனைஞ்சு கிடந்தா அது பேட்டரி மாதிரிதான் வேலை செய்யும், ஒண்ணை ஒண்ணு அரிக்கும். நல்ல தண்ணிங்கிறது நாக்குக்கு. அந்த ருசியே கரைஞ்ச உப்புலேருந்து வர்றதுதான். சூடு ஏறினா அதுல ஒரு பங்கு ஹெட்டுக்குள்ள காரையாப் படியும். கூலன்ட்ல உறையாம தடுக்கிற கிளைக்கால் மட்டும் இல்ல, அரிப்பைத் தடுக்கிற மருந்தும் இருக்கு. வெட் லைனர், அதாவது வெளிப்பக்கம் தண்ணி தொடுற சிலிண்டர் குழாய் வச்ச டீசல்ல இன்னொரு தொல்லை. லைனர் அதிர்றப்ப சின்னச் சின்னக் குமிழி உண்டாகி லைனர் மேலயே வெடிக்கும். அந்த இடம் குழி குழியாகி, கடைசியில ஓட்டையே விழும். அரிப்பையும் ஆராயுற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் சிக்ரி 1953லேருந்து இயங்குற காரைக்குடிப் பக்கம் உக்காந்துக்கிட்டு ரேடியேட்டர்ல பச்சைத் தண்ணி ஊத்துறோம்!

டீசல் மாமா:
அப்ப வளவுல அண்டா வச்சுப் பிடிக்கிற மழைத் தண்ணி? அதுல உப்பு ஏது?

துருப்பிடிச்சவன்:
உப்பு குறைவுதான். ஆனா ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் சேர்ந்துதான் வரும். இன்வெர்ட்டருக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் எல்லாக் கடையிலயும் கிடைக்குது. இதுல போய் என்ன சிக்கனம்?

கொப்புடையம்மாள் துணை:
நீங்க எல்லாரும் இன்ஜினைப் பத்தியே பேசுறீங்க. தம்பி முதல் பதிவுலயே "ஊரணிக் கரை"ன்னு எழுதினதை யாருமே பாக்கலையா? கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். ருசி வேற இனிக்கும். நாய் நக்கிக் குடிச்சா கொஞ்சம் போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப் போகும். ஆடு மாடு குடிக்கிற ஊரணி, சில ஊர்ல மனுசங்களும் குடிக்கிற ஊரணி. நம்ம முன்னோர் வரத்துக்கால் வெட்டி, படித்துறை கட்டி, கால் நனைக்கவே கட்டுப்பாடு வச்ச இடத்துல பழைய கூலன்ட்டைத் தொறந்து விடப் போறீங்களா? வீட்டு வாசல்ல செய்ங்க. பத்து லிட்டர் பிடிக்கிற அகலத் தொட்டியில பிடிச்சு, மூடி போட்ட கேன்ல ஊத்தி, "விஷம்"னு எழுதி வைங்க. பழைய கூலன்ட்டை வாங்கிக்கிற ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுங்க. கீழ சிந்தினதை மண்ணு போட்டு ஒத்தி எடுத்துட்டு அப்புறம் கழுவுங்க.

பள்ளத்தூர் ஜீப்:
அக்கா, ஊரணிய விட்டுட்டேன். வாசல்லயே செய்றேன். ஆனா எங்க வாசல் சமதளம், ஏத்தத்துக்கு என்ன பண்ண?

தேவகோட்டை ஸ்பானர்:
முன் சக்கரம் ரெண்டையும் இரும்பு ராம்ப்ல ஏத்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முட்டுக் கல் வைங்க. ஜாக்கியை நம்பிக் கீழ படுக்க வேண்டாம். ராத்திரி முழுக்க ஆறின வண்டியா இருக்கணும். சூட்டோட மூடியைத் தொறந்தா முகத்துல அடிச்சிடும்.

ஹீட்டர் இருந்தா குமிழை முழுச் சூட்டுல வைங்க, அப்பத்தான் அதுக்குள்ள நிக்கிற பழசும் வரும். ரேடியேட்டர் அடித்திருகைத் தொறந்து வடிய விடுங்க. பிளாக்ல தனிப் போல்ட் இருந்தா அதையும். அதைத் தொடலைன்னா பாதிப் பழசு உள்ளயே நின்னுடும். செம்மண் நெறம்னு சொன்னீங்கள்ல, டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஓட்டி வடிச்சு, தெளிவா வர்ற வரைக்கும் திரும்பச் செய்ங்க. தெர்மோஸ்டாட் மூடியில பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது பொறுமை வேணும். அலுமினியத்துல ஒரு கீறல் விழுந்தாலும் அங்கதான் ஒழுகும். புது தெர்மோஸ்டாட்டோட ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பாக்கணும். வளையத்துல ஆடுற குட்டி ஊசி இருந்தா, அது மேல வர்ற மாதிரி வைங்க, காத்து வெளியேற வழி அதுதான். போல்ட்டை மாத்தி மாத்தி முறுக்குங்க, பலத்தைக் காட்டினா அலுமினிய மரை போயிடும்.

ஊத்தும்போது மெதுவா. மூடி இல்லாமலே ஸ்டார்ட் பண்ணி, மேல் ஹோஸ்ல கை வச்சுப் பாருங்க. ரொம்ப நேரம் ஆறியே இருந்து திடீர்னு சுட்டா தெர்மோஸ்டாட் தொறந்துடுச்சுன்னு அர்த்தம். மட்டம் இறங்கும், ஊத்துங்க. ஹோஸைப் பிதுக்கி விட்டா குமிழி வரும். மறுநாள் காலையில ஆறினப்புறம் மறுபடி மட்டம் பாக்கணும்.

டீசல் மாமா:
நான் கழட்டச் சொல்றவன்தான், ஆனாலும் ஒண்ணு சொல்றேன். பச்சை, சிவப்புன்னு நெறத்தைப் பாத்துப் பழசோட புதுசைக் கலக்காதீங்க. நெறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒத்துக்காத ரெண்டு சேர்ந்தா கூழாகி ரேடியேட்டரை அடைச்சிடும்.

துருப்பிடிச்சவன்:
மாமாவும் நானும் ஒத்துப் போறோம்! கேன்ல "ரெடி டு யூஸ்"னு இருந்தா அதுல தண்ணி கலக்கவே கூடாது. நம்மாளுங்க அதுலதான் ஏமாறுறாங்க. கெட்டிக் கூலன்ட்னா பாதிக்குப் பாதி.

டீசல் மாமா:
உறையாத ஊருக்குப் பாதி எதுக்கு? மூணுல ஒரு பங்கு போதும்.

துருப்பிடிச்சவன்:
அதுக்குக் கீழ இறக்காம இருந்தா சண்டைக்கு வரல. அதுக்கும் குறைஞ்சா துரு மருந்து நீர்த்துப் போயிடும். ஆனா வண்டிப் புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

பள்ளத்தூர் ஜீப்:
புதுசே மாட்டுறேன். 71 டிகிரிக்கும் ஒண்ணு இருக்கு, வெயிலுக்கு நல்லதுன்னு கடையில சொல்றாங்களே?

துருப்பிடிச்சவன்:
வேண்டாம். சீக்கிரம் தொறக்குமே தவிர, ரேடியேட்டரோட திறன் கூடிடாது. ஏத்தத்துல ரெண்டுமே முழுசாத் தொறந்துதான் இருக்கும். 82 வாங்குங்க.

டீசல் மாமா:
வாங்குங்க, மாட்டுங்க. பின்னாடி ஒரு கேன் தண்ணியும் போட்டுக்குங்க. கொடைக்கானல் ரோட்ல கேட்டா நான் இருக்க மாட்டேன்.