முன் பிரேக் வேலைக்கு 41,800 எஸ்டிமேட். ஓகே சொல்லலாமா? அவசரம்

வெள்ளைஹேட்ச்: வணக்கம். காலைல வண்டியை கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விட்டேன். சர்வீஸுக்கு 6,500 ஆகும்னாங்க. மதியம் அட்வைசர் வாட்ஸ்அப்ல 41,800க்கு எஸ்டிமேட் அனுப்பிட்டார். பிரேக் போட்டா நடுக்கம் இருக்குன்னு மட்டும்தான் நான் சொன்னது. நேர்ல போய் கேட்டா "அப்ரூவ் பண்ணுங்க, இல்லன்னா ரிஸ்க் உங்களுது"ங்கறார். மேனேஜர் போன் எடுக்கல. 6 மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். என்ன பண்றது?

ஸ்பேனர்14: மொத்தத் தொகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த மாதிரி வண்டி, எந்த வருஷம், எத்தனை கி.மீ., வாரண்டி இருக்கிறதா? நடுக்கம் ஸ்டீயரிங்கிலா, பெடலிலா? எந்த வேகத்தில்? எஸ்டிமேட்டை வரிவரியாகப் போடுங்கள்.

வட்டச்சக்கரம்: இது வீல் பேலன்சிங்தான். டிஸ்க் கிஸ்க் எதுவும் மாற்ற வேண்டாம். நாலு வீலையும் பேலன்ஸ் செய்து, டயரை முன்பின் மாற்றிப் போட்டால் போய்விடும்.

பழைய_பட்டறை: மாசம் நாலு பேர் இதையேதான் கேட்கிறீர்கள். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) கையெழுத்துப் போடும்போது என்ன எழுதியிருக்கிறது என்று படித்தீர்களா? "தேவையான எல்லா வேலையும்" என்று இருந்தால் அதற்குச் சம்மதித்தது நீங்கள்தான். வண்டி வாங்கத் தெரிந்தவர்கள் மேனுவலில் பராமரிப்பு அட்டவணை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பேனர்14: @வட்டச்சக்கரம், பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக் தொடாமலே 80, 100 வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். அவர் பதில் வரட்டும்.

வெள்ளைஹேட்ச்: சாரி, பதட்டத்துல விட்டுட்டேன். பெட்ரோல் ஹேட்ச்பேக், 2019, 58,000 கி.மீ. வாரண்டி முடிஞ்சிடுச்சு. 80க்கு மேல பிரேக் போட்டா ஸ்டீயரிங் ஆடுது. பிரேக் போடலன்னா ஒண்ணும் இல்ல.
முன் டிஸ்க் 2 – 9,600
பேட் செட் – 3,900
லோயர் ஆர்ம் 2 – 8,400
காலிப்பர் சர்வீஸ் – 1,800
பிரேக் ஆயில் – 900
இன்ஜின் டீகார்பனைசிங் – 3,200
இன்ஜெக்டர் கிளீனிங் – 2,400
ஏசி கிருமிநீக்கம் – 1,600
அலைன்மென்ட், பேலன்சிங் – 1,500
லேபர் – 8,500

ஸ்பேனர்14: இப்போது பேசலாம். டீகார்பனைசிங், இன்ஜெக்டர், ஏசி மூன்றுக்கும் உங்கள் புகாருக்கும் சம்பந்தமே இல்லை. மேனுவலில் உள்ள அட்டவணையில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். 7,200 அங்கேயே குறைகிறது.

டிஸ்க்கைப் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) பொறுத்தவரை "தேய்ந்துபோச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். புதியது 20 மி.மீ. என்றால் எல்லை பெரும்பாலும் 18 பக்கம். உங்கள் முன்னால் மைக்ரோமீட்டர் வைத்து, சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன் சீராக இல்லாமல் போகிறது. இடத்துக்கு இடம் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே கையில் தெரியும். அடுத்து டயல் கேஜ் வைத்து ரன்அவுட், அதாவது சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் அளவு. பல கார்களில் எல்லை 0.10 மி.மீ., சிலவற்றில் அதற்கும் குறைவு.

லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை): லிஃப்டில் ஏற்றி, புஷ்ஷில் (அதன் ரப்பர் இணைப்பு) நெம்புகோல் வைத்து நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். பால் ஜாயின்ட்டில் (ஆர்மின் முனையில் உள்ள மூட்டு) ஆட்டம் இருந்தால் கையில் தெரியும். ரப்பர் மேலே வெடிப்பு மாதிரி கோடு இருப்பது மட்டும் மாற்றக் காரணமில்லை. மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம், அந்த 1,500 நியாயம்தான்.

லேபர் 8,500ஐப் பிரித்துக் கேளுங்கள். டிஸ்க்கைக் கழற்ற காலிப்பரையும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பேடையும் எப்படியும் கழற்றியாக வேண்டும். பேடுக்கு ஒரு லேபர், டிஸ்க்குக்கு ஒரு லேபர், போதாதென்று தனியாகக் காலிப்பர் சர்வீஸ் என்று போட்டிருந்தால் ஒரே வேலைக்கு மூன்று தடவை காசு.

பழைய_பட்டறை: அளந்துவிட்டு அடுத்து லேத்தில் கொடுத்துக் கடைய (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்க) சொல்வீர்கள், அதுதானே? கடைந்த டிஸ்க் 5,000 கி.மீ.யில் மறுபடி ஆடும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடாகும். புதுசு போடுவதுதான் சரி.

ஸ்பேனர்14: எல்லைக்குக் கீழே போகும் என்றால் கடையக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். மறுபடி ஆடுவதற்குப் பெரும்பாலும் கடைசல் காரணமில்லை. ஹப் முகத்தில் (டிஸ்க் உட்காரும் இடம்) துருவைத் துடைக்காமல் டிஸ்க்கை மாட்டுவது, காலிப்பர் நகர உதவும் ஸ்லைட் பின் இறுகிக் கிடப்பது, வீல் நட்டை ஏர் கன்னால் கண்டபடி முறுக்குவது, இந்த மூன்றும்தான் முக்கியக் காரணம். இவற்றைக் கவனிக்காவிட்டால் புது டிஸ்க்கும் ஆடும். நட்டுக்கு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் கருவி) வேண்டும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், சரியான அளவு மேனுவலில் இருக்கும்.

பழைய_பட்டறை: எந்த சர்வீஸ் சென்டரில் டார்க் ரெஞ்ச் எடுக்கிறார்கள்? ஏட்டுச் சுரைக்காய்.

ஸ்பேனர்14: எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் கொடுப்பது லேபர் காசு.

பில்_பார்ப்பவர்: ஒன்றைக் கவனியுங்கள். பாகத்தின் பெட்டியில் உள்ள எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. பில்லில் அடிப்படை விலையும் ஜிஎஸ்டியும் தனித்தனியாக வரலாம், கூட்டினால் எம்ஆர்பியைத் தாண்டக்கூடாது. எம்ஆர்பிக்கு மேல் ஜிஎஸ்டி போட்டிருந்தால் தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு 28 போய் 18 சதவீதம். எஸ்டிமேட்டில் பார்ட் நம்பர் கேளுங்கள், பெட்டியைப் போட்டோ எடுங்கள்.

வெள்ளைஹேட்ச்: பாதி வேலை வேண்டாம்னு சொன்னா வண்டியைத் தரமாட்டோம்னு பிடிச்சு வச்சுக்க முடியுமா?

வட்டச்சக்கரம்: முடியாது. நேரா போலீஸ் ஸ்டேஷன் போங்க.

கறுப்புக்கோட்டு: அவசரப்பட வேண்டாம். 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170ன்படி, செய்துமுடித்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை பழுதுபார்ப்பவருக்கு உண்டு. நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்கு அது பொருந்தாது என்று வாதிட இடமுண்டு. அதனால்தான் எழுத்து முக்கியம். இப்போதே அதே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் "கீழ்க்கண்ட வேலைகளுக்கு மட்டும் சம்மதம், என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறு எதுவும் செய்யக்கூடாது, கழற்றிய பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்" என்று அனுப்புங்கள். ஜாப் கார்டு நகல் வாங்குங்கள்.

மீறிச் செய்து பில் போட்டால், "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதி, கார்டிலோ யுபிஐயிலோ கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். அடுத்து கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் புகார் எண், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பழைய_பட்டறை: கேஸ் போடுவதற்கு ஆகும் அலைச்சலுக்கு 7,200ஐயே கொடுத்துவிடலாம்.

கறுப்புக்கோட்டு: அந்த நினைப்பில்தான் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் இந்த வரிகள் ஏறுகின்றன. 1915க்கு ஒரு போன் பத்து நிமிஷ வேலை.

வெள்ளைஹேட்ச்: டீகார்ப், இன்ஜெக்டர், ஏசி மூணும் எடுத்தாச்சு. டிஸ்க் அளந்தாங்க, 18.9. எல்லை 18ன்னு போட்டிருக்கு. லோயர் ஆர்ம் வலது பக்கம் புஷ் கிழிஞ்சிருக்கு, நானே பார்த்தேன், இடது நல்லா இருக்கு. காலிப்பர் பின் ஒண்ணு இறுகிப்போய் இருந்துச்சு. நாளைக்கு வண்டி தர்றாங்க. எல்லாருக்கும் நன்றி.

ஸ்பேனர்14: நல்லது. 18.9 ஒரு இடத்தில் அளந்ததா, சுற்றிலுமா? இரண்டு டிஸ்க்கும் அளந்தார்களா? ரன்அவுட் எவ்வளவு வந்தது? இறுகிய பின் எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்து பேட்கள் பெரும்பாலும் சமமில்லாமல் தேய்ந்திருக்கும், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்14: @வெள்ளைஹேட்ச் வண்டி வந்துவிட்டதா? நடுக்கம் போனதா?