கலைச்சொல் தேவை: டிரான்சிட் டைம் ஃப்ளோ மெஷர்மென்ட்

ராமநாதபுரம், எக்கோ அறையிலிருந்து:

மதுரையில் பைபாஸ் முடித்து ஊர் திரும்புகிறவர்களுக்கான கையேட்டு வரைவில் இதைக் "குருதியோட்ட மீயொலிச் சோதனை" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியே விட முடியாது. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக இதயத் தமனியோடு தைத்த ஒட்டுக்குழாயில், நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும்போதே மாட்டி அளக்கும் இது ஒன்று. பிறகு நாங்கள் தோலின் மேல் டாப்ளர் வைத்துப் பார்ப்பது வேறொன்று. முதலாவது நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று சொல்கிறது. இரண்டாவது நொடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று. குழாய் குறுகிய இடத்தில் வேகம் கூடும், போய்ச் சேரும் ரத்தம் குறையும். "ஓட்டம் நல்லா இருக்கு" என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டினால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

கீழக்கரை, அறுவை அரங்கத் தொழில்நுட்பர்:

அரங்கில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், பெயர் அதற்குப் பொருந்தட்டும். கொக்கி போன்ற புரோபின் ஒரு பக்கத்தில் இரண்டு படிகங்கள், எதிர்ப்பக்கம் ஒலியைத் திருப்பும் தகடு. குழாயின் தடிமனுக்கேற்ற புரோபை எடுக்க வேண்டும். பெரிதாக இருந்தால் குழாய் அதற்குள் ஆடும், சிறிதாக இருந்தால் குழாயை நெரித்து ஓட்டத்தை அதுவே குறைத்துவிடும். இடையில் காற்று இருக்கக் கூடாது, ஜெல்லோ சலைனோ வேண்டும். ஒட்டுக்கு எடுத்தது மார்பின் உட்சுவரில் ஓடும் உள்மார்புத் தமனியானால் புரோப் உட்காரும் இடத்தில் கொழுப்பையும் சதையையும் விலக்கியாக வேண்டும். ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது எடுத்த எண் உதவாது. சராசரி அழுத்தம் 80 வாக்கில் நிற்கும்போது எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போட்ட ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் கொடுத்த பிறகு இன்னொரு முறை.

பொதுவாகச் சராசரி நிமிடத்துக்கு 20 மில்லிக்கு மேல், ஓட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் பல்சடிலிட்டி இண்டெக்ஸ் 5-க்குக் கீழ் இருந்தால் ஏற்பார்கள். இந்த இண்டெக்ஸுக்கும் சொல் வேண்டும். "துடிப்பெண்" வேண்டவே வேண்டாம், நாடித்துடிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

மண்டபம், இயற்பியல் ஆசிரியர்:

நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, போகும் வள்ளம் சீக்கிரம் சேரும், எதிர்த்து வருவது பிந்தும். இரண்டு நேரத்துக்குமுள்ள வித்தியாசம்தான் நீவாட்டின் வலு. இந்தக் கருவியும் ரத்தப்போக்கோடு ஓர் ஒலி, எதிர்த்து ஓர் ஒலி அனுப்பி அந்த வித்தியாசத்தைத்தான் அளக்கிறது. ஒலிக்கற்றை குழாயின் முழு அகலத்தையும் மூடுவதால் விட்டத்தைத் தனியாக அளக்கவும் தேவையில்லை. ஆகவே "கடப்புநேரம்". "பயணநேரம்" என்றால் பஸ் நினைவு வருகிறது. ஓட்டத்துக்குப் "பாயளவு", டாப்ளருக்குப் "பாய்வேகம்" என்று இணையாக வைக்கலாமே?

தொண்டியிலிருந்து:

ஐயா, பாயளவு என்றால் இங்கே படகுப் பாயின் நீள அகலம். ஒரு மெய்யைச் சேர்த்துப் "பாய்வளவு" ஆக்குங்கள். நீவாட்டை விளக்கத்தில் மட்டும் வையுங்கள், சொல்லில் வேண்டாம். பரமக்குடி தாண்டினால் யாருக்கும் புரியாது.

ராமநாதபுரம்:

பாய்வளவு, பாய்வேகம் இரண்டும் சரி. டாப்ளரிலும் கணக்குப் போட்டு மில்லி சொல்லலாம் என்று யாராவது எழுதும்முன் ஒன்று: 2 மி.மீ. குழாயை 2.2 என்று அளந்துவிட்டால் பரப்பு 21 விழுக்காடு கூடிவிடும், பாய்வளவும் அதே அளவு பிசகும். அதனால் நாங்கள் பெரும்பாலும் அலையின் வடிவத்தைத்தான் பார்க்கிறோம். இடது காறையெலும்புக்கு மேல் லீனியர் புரோப், ஒலிக்கற்றைக்கும் ரத்தப்போக்குக்கும் இடைக்கோணம் 60 பாகைக்குள். ஒட்டுவதற்கு முன் உள்மார்புத் தமனியில் இதயச் சுருக்க அலைதான் ஓங்கி நிற்கும். இதயத் தமனியோடு சேர்த்த பிறகு விரிவு அலை எழும்பும். தொடக்கத்தில் சுருக்க அலை கொஞ்சம் மிச்சமிருக்கும், இணைப்பை நெருங்க நெருங்க விரிவு அலை மேலோங்கும். எந்த இடத்தில் பார்த்தது என்று ரிப்போர்ட்டில் எழுதாவிட்டால் அடுத்த முறை ஒப்பிடவே முடியாது. காலிலிருந்து எடுத்த சிரை ஒட்டு பெரும்பாலும் இப்படிச் சிக்காது, அதற்கு சி.டி. ஆஞ்சியோதான்.

கீழக்கரை:

இண்டெக்ஸுக்கு "ஏற்ற இறக்க விகிதம்" எப்படி? உச்சத்திலிருந்து தாழ்வைக் கழித்துச் சராசரியால் வகுப்பதுதானே கணக்கு. உச்சம் 62, தாழ்வு கழித்தல் 3, சராசரி 25 என்றால் 2.6, பரவாயில்லை. உச்சம் 40, தாழ்வு கழித்தல் 20, சராசரி 8 என்றால் 7.5, முறுக்கிக்கொண்டதா, மடங்கியதா, தையல் வாய் குறுகியதா என்று தேட வேண்டும். சுருங்கியிருந்தால் குழாயைத் தளர்த்தும் பாப்பவரின் மருந்து போட்டுப் பார்ப்பார்கள். இதயத்தின் பழைய தமனியிலேயே ரத்தம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் எண் கெட்டதாகக் காட்டும். அந்தப் பழைய தமனியைச் சற்று நேரம் இறுக்கிப் பிடித்ததும் ஒட்டில் பாய்வளவு கூடினால் ஒட்டில் குறையில்லை. இதற்கு, அதாவது காம்பெடிட்டிவ் ஃப்ளோவுக்கு, "போட்டிப் பாய்வு".

தொண்டியிலிருந்து:

போட்டிப் பாய்வு சரி. "எதிர்ப்பாய்வு" என்று மட்டும் யாரும் மாற்றிவிடாதீர்கள், பின்னோக்கி வரும் ரத்தத்துக்கு அந்தச் சொல் வேண்டும்.

ராமநாதபுரம்:

அப்படியானால் கையேட்டுக்கு: கடப்புநேரப் பாய்வளவீடு. அட்டையில் ஒட்டுக்கு ஒரு வரி: எந்தத் தமனிக்கு, பாய்வளவு, ஏற்ற இறக்க விகிதம், அளந்தபோது இருந்த ரத்த அழுத்தம். ஒட்டைக் "கிராஃப்ட்" என்றே விடுவதா என்பது பாக்கி. "ஒட்டு" என்றால் மாங்கன்று என்கிறார் அட்டை அச்சடிப்பவர்.