மேப்பிள் போன்சாயில் புதுக் கிளை ஒட்ட எது சரியான நேரம்?

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஒரு ஜப்பானிய மேப்பிள் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) இருக்கிறது. வேரும் அடிமரமும் அவ்வளவு அழகு. ஆனால் இடது பக்கம், முதல் கிளை வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே மொட்டு வரும் அறிகுறியே இல்லை. அதனால் அதே மரத்தின் நீளமான குச்சி ஒன்றை வளைத்து, தண்டில் துளை போட்டு நுழைத்து ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

குளிர்காலக் கடைசியில், மொட்டு உப்புவதற்கு முன்னால் செய்தால் குச்சி மெலிதாக இருக்கும், சின்னத் துளையே போதும். ஆனால் அந்த நேரத்தில் மேப்பிளை வெட்டினால் சாறு வடியுமே, அது ஒட்டைக் கெடுக்காதா? கோடைத் தொடக்கத்தில் இலைகளைக் கிள்ளிவிட்டுச் செய்வது மேலா? இல்லை, துளையே வேண்டாம், தண்டில் பள்ளம் கீறி, குச்சியை அதில் பதித்து நெருக்கு ஒட்டாகக் கட்டிவிடலாமா? தழும்பு எதில் குறைவாகத் தெரியும்? எனக்கு அதுதான் முக்கியம்.

மேப்பிளில் மொட்டுகள் எதிரெதிரே ஜோடியாக இருப்பதால் நுழைக்கும்போது உரசி உதிர்ந்துவிடும். அதற்கு என்ன சுற்றுகிறீர்கள்? அப்புறம், துளையிலிருந்து குச்சி வெளிவரும் பக்கம் உள்நுழையும் பக்கத்தைவிடத் தடித்த பிறகு, உள்நுழையும் பக்கத்தில் தாய்க்குச்சியை வெட்டலாம் என்பார்கள். ஒரே வெட்டா, கொஞ்சம் கொஞ்சமாகவா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.