கலைச்சொல் தேவை: எல்லை வரைதல், எல்லை நாட்டல், இன்னும் சில

நொய்யல்:

குழுவினருக்கு வணக்கம். இளங்கலைப் புவியியல் பாடநூல் ஒன்றில் அரசியல் புவியியல் இயல் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்கோப்புக்குப் போக வேண்டும். நாட்டு எல்லை உருவாவதைப் புவியியலாளர் ஸ்டீஃபன் ஜோன்ஸ் 1945-இல் நான்கு படிகளாகப் பிரித்தார். எந்த நிலம் யாருக்கு என்ற அரசியல் முடிவு முதற்படி. அந்த முடிவை ஒப்பந்த வாசகமாகவும் வரைபடக் கோடாகவும் எழுதுவது இரண்டாவது; இதுதான் டீலிமிட்டேஷன். அந்தக் கோட்டைத் தரைக்குக் கொண்டுவந்து தூண் நடுவது மூன்றாவது, இது டிமார்க்கேஷன். காவல், பராமரிப்பு, போக்குவரத்து எல்லாம் நான்காவது. கையில் உள்ள வரைவில் இரண்டாவதும் மூன்றாவதும் "எல்லை வரையறை" என்றே இருக்கின்றன. "வரையறை 1914-இல் முடிந்தது, வரையறை இன்றுவரை நடக்கவில்லை" என்று ஒரு வாக்கியம் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். முடிந்தால் பவுண்டரி, ஃபிரான்டியர் வேறுபாட்டுக்கும், என்கிளேவ் (வேறு நாட்டுக்குள் அடைபட்ட நிலம்), எக்ஸ்கிளேவ் (தாய்நாட்டிலிருந்து பிரிந்து கிடக்கும் நிலம்) இரண்டுக்கும்.

அளவைக்கல்:

கட்டாயம் பிரிக்க வேண்டும் அம்மா. பிரிக்காவிட்டால் காஷ்மீருக்கு வடக்கே உள்ள சியாச்சின் பனியாற்றுத் தகராறும் விளங்காது, இந்திய-திபெத் எல்லையான மக்மோகன் கோடும் விளங்காது. 1949-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த கராச்சி உடன்பாட்டில் போர்நிறுத்தக் கோடு ஒரு புள்ளி வரை வந்து, "அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை" என்று முடிந்துவிட்டது. 1972-இல் கட்டுப்பாட்டுக் கோட்டை வரைந்தபோதும் என்.ஜே. 9842 என்ற அந்தப் புள்ளியோடு நின்றார்கள். அதற்கு மேலே கோடு சால்டோரோ முகட்டை ஒட்டிப் போகிறது என்பது இந்தியாவின் நிலை. காரகோரம் கணவாயை நோக்கி வடகிழக்கே திரும்புகிறது என்பது பாகிஸ்தானின் நிலை. 1984-இல் படைகள் மேலே ஏறின. இது இரண்டாம் படியின் பிழை. வாசகமே அரைகுறை.

மக்மோகன் கோட்டில் கோளாறு வேறு. 1914-இல் அதை அங்குலத்துக்கு எட்டு மைல் என்ற அளவுள்ள படத்தில் போட்டார்கள். அந்த அளவில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் 250 மீட்டர் அகலத்தை மூடிவிடும். மலை நெடுக நீர்பிரி முகடே எல்லை என்பது கொள்கை. ஆனால் தாக்லா முகட்டருகே படத்தில் உள்ள கோடு ஓரிடம், முகடு வேறோரிடம். இரு தரப்பும் சேர்ந்து போய்த் தூண் நட்டிருந்தால் அந்த இடைவெளி அன்றே வெளிப்பட்டிருக்கும். 1962 செப்டம்பரில் இந்திய-சீன மோதல் மூண்டது அந்த முகட்டின் அடிவாரத்தில்தான்.

சொல் தேடி வெகுதூரம் போக வேண்டாம். வருவாய்த்துறையில் "அத்துக் காட்டுதல்" என்று ஒன்று நாள்தோறும் நடக்கிறது. பட்டாதாரர் மனுக் கொடுப்பார். நில அளவர் புலப்படத்தோடு வந்து, முச்சந்திக் கல்லிலிருந்து அளந்து, விடுபட்ட கல்லை நட்டுக் காட்டுவார். டிமார்க்கேஷன் என்பது இதேதான். என் பரிந்துரை "அத்துக் காட்டல்".

குடமுருட்டி:

அத்து வேண்டாம் ஐயா. அது அரபியின் "ஹத்", உருது வழியாக வந்தது. அத்துமீறலில் இருப்பதும் அதுதான். "அறு, அற்று, அத்து" என்று தமிழ் வேர் காட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாகிஸ்தானில் 2010 வரை இருந்த வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தை அவ்வூர் மக்கள் சர்ஹத் என்பார்களே, அதன் ஈற்றிலும் இதே ஹத்.

நம்மிடம் ஆயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது. சோழர் செப்பேடுகளில் ஊர் கொடுக்கும் முறையைப் பாருங்கள். அரசன் வாய்மொழி முதலில். பிறகு ஓலையில் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கு எல்லையும் வாய்க்கால் வாய்க்காலாக, வரப்பு வரப்பாக எழுதுகிறார்கள். அதன்பின் "பிடிசூழ்ந்து பிடாகை நடந்து கல்லுங் கள்ளியும் நாட்டி" அறவோலை செய்கிறார்கள். பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நடுவது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கொடுத்த செப்பேட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஜோன்ஸ் சொன்ன முதல் மூன்று படியும் அதில் வரிசை மாறாமல் இருக்கின்றன. ஆகவே டீலிமிட்டேஷன் "எல்லை வரைதல்", டிமார்க்கேஷன் "எல்லை நாட்டல்".

எல்லை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. எல் என்றால் ஒளி, கதிரவன். குறுந்தொகை 387-இல் "எல்லை கழிய முல்லை மலர" என்னும்போது எல்லை என்பது பகல். பகல் ஓரிடத்தில் முடிகிறது; முடியும் இடம் எல்லை. காலச் சொல் இடச் சொல்லாயிற்று என்பது என் துணிபு. "தென்குமரி வடபெருங்கல் குணகுட கடலா எல்லை" என்று புறநானூறு 17 சொல்லும்போது அது முழுக்க இடப்பொருளுக்கு வந்துவிட்டது. வரை என்பதும் அப்படியே: மலையும் வரை, கோடு கிழித்தலும் வரை, முடிவும் வரை. மலைமுகடே எல்லையாக நின்ற நிலத்தில் இம்மூன்றும் ஒரு சொல்லில் கூடியதில் வியப்பில்லை.

தாமிரபரணி:

எல்லை நாட்டலுக்கு என் வாக்கு. வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும், கல் நடுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எல்லை எல்-இலிருந்து வந்ததா என்பது இவ்வியலுக்குத் தேவையில்லை; தனி இழையில் பேசுவோம்.

"வரையறை"யைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. செய்தித்தாளில் தொகுதி மறுவரையறை நாள்தோறும் வருகிறது. ஆங்கிலத்தில் அதுவும் டீலிமிட்டேஷனே. வரையறை என்று படித்தால் மாணவர் மக்களவைத் தொகுதியைத்தான் நினைப்பார். வரைதல் என்றால் அந்தக் குழப்பம் குறையும்.

வலிகாமம்:

இலங்கையிலும் இதே சிக்கல்தான். தேர்தல் தொகுதிகளைப் பிரிக்கும் ஆணைக்குழு எங்களுக்கு "எல்லை நிர்ணய ஆணைக்குழு". ஆகவே எல்லை நிர்ணயம் என்ற சொல்லும் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. வரைதல், நாட்டல் இரண்டும் எனக்குச் சம்மதம்.

ஆனால் அதே இயலின் முதற் பக்கத்தையும் பாருங்கோ. 1933 மொண்டிவிடியோ உடன்படிக்கை ஸ்டேட்டுக்கு நான்கு தகுதி சொல்கிறது: நிலையான மக்கள், வரையப்பட்ட நிலம், கவர்மென்ட், பிற ஸ்டேட்டுகளோடு உறவு கொள்ளும் தகைமை. வரைவில் ஸ்டேட்டும் "அரசு", மூன்றாவது தகுதியான கவர்மென்ட்டும் "அரசு". அப்படியானால் அரசு அமைய அரசு வேண்டும் என்றாகிறது. நாங்கள் அரசு, அரசாங்கம் என்று இரண்டாகவே எழுதுகிறோம். ஆட்சி மாறும்போது அரசாங்கம் மாறும். அரசு அப்படியே இருக்கும். இறையாண்மை என்பதை இறைமை என்று சுருக்கினாலும் நல்லது.

நொய்யல்:

அரசு, அரசாங்கம் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் பெயர்ப்பலகை எல்லாம் "தமிழ்நாடு அரசு" என்றிருக்கும். அது இந்திய மாநிலத்தின் அரசாங்கத்தைக் குறிக்கிறது என்று ஓர் அடிக்குறிப்பு போதும். இறையாண்மையைத் தொட முடியாது, அரசமைப்பின் தமிழ் வடிவத்தில் வேரூன்றிவிட்டது.

குடமுருட்டி:

மொண்டிவிடியோவுக்கு முன்பே "படைகுடி கூழ்அமைச்சு நட்புஅரண்" என்று குறள் உறுப்புகளை எண்ணியது. அதில் நிலம் இல்லையே என்று கேட்பார்கள். ஈண்டுக் குடி என்றது அதனையுடைய நாட்டினை என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. மக்களும் நிலமும் ஒரே சொல்லில். நட்பு என்பது நான்காம் தகுதி.

ஃபிரான்டியருக்கு என் சொல் "முனைப்புலம்". குறுந்தொகை 11-இல் "வடுகர் முனையது" என்றும் அடுத்தே "மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்" என்றும் வருகிறது. அங்கே கோடு இல்லை. மொழி மாறும் நிலம், படை நிற்கும் நிலம், அகலமுள்ள ஒரு பகுதி. ஃபிரான்டியர் என்பதன் இலக்கணமே அதுதான்: பவுண்டரி கோடு, ஃபிரான்டியர் பரப்பு.

தாமிரபரணி:

பொருள் மிகச் சரி, சொல் ஆகாது. புவியியல் மாணவருக்கு முனை என்றால் நன்னம்பிக்கை முனை. கடலுக்குள் நீளும் நிலம். வடமுனை, தென்முனை என்று துருவங்களுக்கும் போட்டிருக்கிறோம். மூன்றாவது பொருளையும் அதன்மேல் ஏற்றினால் தேர்வுத்தாளில் தடுமாறுவார்கள்.

எல்லைப்புறம் ஏற்கெனவே புழங்குகிறது. வடமேற்கு எல்லைப்புறமே இதற்கு நல்ல பாடமும்கூட. ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகம் மாவட்டங்களோடு நின்றது. அதற்கு அப்பால் பழங்குடிப் பகுதிகள். வரி இல்லை, அரசியல் முகவர் மட்டும். அதற்கும் அப்பால் 1893-இல் போட்ட டூரண்ட் கோடு. அதைக் கடந்தால் ரஷ்யாவை எட்டி நிறுத்த ஆப்கானிஸ்தான். ஆக ஓர் அரசின் அதிகாரம் படிப்படியாக மெலிந்துகொண்டே போகும் பட்டை அது. "புறம்" என்ற சொல் அந்த அகலத்தைத் தாங்கும்.

குடமுருட்டி:

எல்லைப்புறம் என்றால் எல்லை முதலில் இருந்து அதன் புறம் பிறகு வந்தது போலாகிறது. வரலாற்றில் நடந்தது தலைகீழ்: முதலில் பட்டை, பிறகுதான் கோடு. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

அளவைக்கல்:

என்கிளேவுக்கு "சூழ்புலம்", எக்ஸ்கிளேவுக்கு "பிரிபுலம்" வைக்கலாமா?

குடமுருட்டி:

பிரிபுலம் நன்று. சூழ்புலம் வினைத்தொகை, சூழ்ந்த புலம், சூழ்கின்ற புலம் என்றே விரியும். கடல்சூழ் உலகு என்றால் சூழ்வது கடல், சூழப்படுவது உலகு. தனியே சூழ்புலம் என்று நின்றால் சுற்றியிருக்கும் நாட்டைக் குறித்துவிடும். நேர் எதிர்ப்பொருள்.

தாமிரபரணி:

இந்த இலக்கணம் இங்கே உண்மையிலேயே உதவுகிறது, ஏனென்றால் இரண்டு சொல்லும் பார்வை வேறுபாட்டில்தான் பிரிகின்றன. சுற்றியுள்ள நாட்டின் கண்ணில் என்கிளேவ். தாய்நாட்டின் கண்ணில் எக்ஸ்கிளேவ். லெசோத்தோவை முழுக்கச் சூழ்ந்திருப்பது தென்னாப்பிரிக்கா, ஆனால் அது எந்த நாட்டிலிருந்தும் பிரிந்த துண்டு அல்ல. நக்சிவான் அஜர்பைஜானின் பிரிந்த துண்டு, ஆனால் அர்மேனியா, ஈரான், துருக்கி மூன்றையும் தொடுவதால் ஒரே நாட்டுக்குள் அடைபட்டதல்ல. மேற்கு வங்கத்தின் குச் பிகார்ப் பக்கத்தில் இருந்த சிட்மகல்கள் எனப்பட்ட நிலத்துண்டுகள் இரண்டுமாகவே இருந்தன. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள் என்று 2015 ஜூலை 31 நள்ளிரவில் கைமாறின. தஹலா கக்ராபாரி என்ற இந்தியத் துண்டு, வங்கதேசத் துண்டு ஒன்றுக்குள் கிடந்தது, அந்தத் துண்டு ஓர் இந்தியத் துண்டுக்குள், அதுவும் வங்கதேசத்துக்குள். இதை விளக்கும் பத்தியில் சொல் பிசகினால் யாரும் கரை சேர மாட்டார்கள்.

நம் மாணவர் பார்த்த எடுத்துக்காட்டும் வேண்டும். பாகூர், நெட்டப்பாக்கம் வட்டாரத்தில் புதுச்சேரி ஊரும் தமிழ்நாட்டு ஊரும் மாறி மாறி வரும். நாடுகளுக்கிடையே அல்ல, ஒரே நாட்டின் உள்ளலகுகளுக்கிடையே என்ற குறிப்போடு சேர்க்கலாம். ஏனாம், மாகே இரண்டும் பிரிபுலத்துக்குப் பொருந்தும்.

வலிகாமம்:

என்கிளேவுக்கு "அடைபுலம்"? அடைபட்டுக் கிடக்கும் புலம். அடை தன்வினையாகவும் நிற்கும், சூழ்வின் சிக்கல் இல்லை.

குடமுருட்டி:

அடைதல் போய்ச் சேர்தலும் ஆகுமே. இருந்தாலும் சூழ்புலத்தைவிட மேல். எதிர்க்கவில்லை.

நொய்யல்:

அச்சுக்கோப்புக்கு இவை போகின்றன: எல்லை ஒதுக்கீடு, எல்லை வரைதல், எல்லை நாட்டல், எல்லை நிர்வாகம், அரசு, அரசாங்கம், எல்லைப்புறம், அடைபுலம், பிரிபுலம். அத்துக் காட்டுதல் எல்லை நாட்டலின் விளக்கத்தில் ஒருமுறை வரும், நில அளவர் வேலையை மாணவர் ஊரில் பார்த்திருப்பார். வடுகர் முனைக்கு எல்லைப்புறத்தின் அடிக்குறிப்பில் இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறேன்.

அளவைக்கல்:

ஆறு எல்லையாகும் இடத்தில் தால்வெக் வருமே, ஆற்றின் ஆழமான ஓடுதடத்தின் நடுக்கோடு? வரைவில் "ஆற்றின் நடு" என்று இருந்தால் மாற்றுங்கள். இரு கரைக்கும் நடுவே போகும் கோடு வேறு, இது வேறு. குஜராத்துக்கும் சிந்துவுக்கும் இடையே உள்ள சர் கிரீக் கழித் தகராறில் பாகிஸ்தான் கேட்பது கிழக்குக் கரை, இந்தியா கேட்பது இந்த ஓடுதடம்.

குடமுருட்டி:

ஆழ்தடம்? அடிக்குறிப்பு போதாது, முனைப்புலம் சொல்லடைவிலும் வர வேண்டும்.

நொய்யல்:

"ஆற்றின் நடு" என்றுதான் இருந்தது, மாற்றிவிட்டேன். இப்போதைக்கு ஆழ்தடம் போட்டிருக்கிறேன். சொல்லடைவு அடுத்த வாரம்தான் மூடும். முனைப்புலம் பற்றி மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.