ஏரி பச்சையானது மூப்பினாலா, நம்மாலா?

வண்டல்மண்: ஏரி என்றாலே ஒருநாள் தூர்ந்துபோவதுதான். வண்டல் சேரும், ஆழம் குறையும், பாசி படரும். இயற்கையான இந்த மூப்புக்கு மனிதனைக் கூண்டில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. மறுப்பவர்கள் வரலாம்.

தெளிநீர்: வந்துவிட்டேன். நீங்கள் சொல்லும் மூப்பு ஆயிரம் ஆண்டுக் கணக்கு. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரி ஒரே தலைமுறையில் கலங்கியது. அதில் கலந்தது சுத்திகரித்த கழிவுநீர்தான். ஆனால் பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் அதில் அப்படியே இருந்தது. 1963 முதல் 1968 வரை அந்த நீரைப் படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். சுமார் ஒரு மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாதிருந்த ஏரியில், 1970களின் தொடக்கத்தில் மூன்று மீட்டர் வரை தெரிந்தது. மூப்பு வந்தவருக்கு எங்காவது நரை கறுக்குமா?

வயல்வரப்பு: பாஸ்பரஸ்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நைட்ரஜனும்தானே கலக்கிறது? அடுத்த பழி உழவர் தலையில் விழும் என்று தெரிந்தே கேட்கிறேன்.

தெளிநீர்: கனடாவில் ஆய்வுக்கென ஒதுக்கிய 226ஆம் எண் ஏரியை 1973இல் நடுவே திரை கட்டிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதிதான் பச்சையானது. நைட்ரஜன் போதாவிட்டால் நீலப்பச்சைப் பாசிகளில் சில அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை.

வண்டல்மண்: ஒரு சின்ன ஏரியை வைத்து உலகை அளக்கிறீர்கள். ஈரி ஏரிக்கு வாருங்கள். 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டன, சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள், ஏரியும் தெளிந்தது. 1990களின் நடுவில் பாசி திரும்பிவிட்டதே!

தெளிநீர்: அடைத்தது நகரத்துக் குழாயை. வயலுக்கு அடியில் பதித்த வடிகாலை யாரும் அடைக்கவில்லை. மாமி ஆறு வயல்களிலிருந்து கரைந்த பாஸ்பரஸை ஏரியின் மேற்கு முனைக்குக் கொண்டுவருகிறது. 2014 ஆகஸ்டில், அந்த ஏரி நீரைக் குடிக்கும் அமெரிக்காவின் டொலிடோ நகரில், பாசியின் நச்சு கலந்ததால் சுமார் நான்கு லட்சம் பேர் குழாய்நீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். அந்த நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும்.

வயல்வரப்பு: எதிர்பார்த்ததுதான். மண் அரிக்கிறது, உழாமல் விதையுங்கள் என்றவர்கள் வல்லுநர்கள். உழாத நிலத்தில் உரம் மேல்மண்ணிலேயே தங்கி மழையில் கரைகிறது என்று இப்போது சொல்பவர்களும் அவர்களே. எந்தப் பேச்சைக் கேட்பது?

தெளிநீர்: உங்கள் கோபம் நியாயமானது. அரிப்பைத் தடுக்கும் வழி, கரைந்து ஓடுவதையும் தடுக்கும் என்று நினைத்தது பிழை.

வண்டல்மண்: சேற்றை மறந்துவிட்டீர்களே. அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்தால், சேற்றிலுள்ள இரும்பு தான் பிடித்துவைத்த பாஸ்பரஸை விட்டுவிடும். வெளியிலிருந்து ஒரு துளி வராமலே பாசி வளரும். ஏரி தன்னைத்தானே கெடுத்துக்கொள்கிறது.

தெளிநீர்: அந்தச் சேற்றில் அவ்வளவு பாஸ்பரஸைச் சேர்த்தது யார், ஐயா? பழைய கழிவின் வட்டி அது.

வண்டல்மண்: அளவில் நம் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். முழுப் பழியையும் ஏற்க மாட்டேன்.

வயல்வரப்பு: பழியைப் பிறகு பங்கு போடுங்கள். உரத்தை மேலே தூவாமல் மண்ணுக்குள் வைத்தால் ஓட்டம் குறையும். அதற்கான கருவியின் செலவை யார் ஏற்பது? இதற்கு இருவரில் ஒருவராவது பதில் சொல்லுங்கள்.