பிஎம் கிசான்: எல்லாம் 'ஆம்' என்று காட்டுகிறது, அப்பா கணக்கில் மட்டும் பணம் இல்லை

கொல்லைமேடு:
வணக்கம். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். அப்பா பெயரில் இரண்டு ஏக்கர், மக்காச்சோளமும் மரவள்ளியும். 2019 முதல் மத்திய அரசின் விவசாயி உதவித்தொகையான பிஎம் கிசான் தவணைக்கு 2,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2024 ஜூனில் வந்த 17ஆவது தவணைதான் கடைசி. அதற்கப்புறம் மூன்று தவணை போய்விட்டது, 2025 ஆகஸ்ட் 2ஆம் தேதி விட்ட 20ஆவதும் சேர்த்து. அப்பா மூன்று முறை பஸ் ஏறிப் போய் பாஸ்புக் போட்டுப் பார்த்துவிட்டார். வங்கியில் வேளாண் ஆபீஸைக் கேட்கச் சொல்கிறார்கள், அங்கே வங்கியைக் கேட்கச் சொல்கிறார்கள். உரம் வாங்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். நான் திருப்பூரில் இருக்கிறேன். இங்கிருந்தே என்ன பார்க்கலாம்?

ஏரிக்கரை:
பிஎம் கிசான் தளத்தில் பயனாளி நிலையைப் பாருங்கள். இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), நில விவரம், ஆதார்-வங்கி இணைப்பு மூன்றும் 'ஆம்' என்று இருக்க வேண்டும். எனக்கு நிலத்தில்தான் சந்தேகம். 2020இல் உங்கள் மாவட்டத்திலும் கடலூர், விழுப்புரத்திலும் தகுதியில்லாதவர்களைச் சேர்த்த முறைகேடு வெளிவந்ததே, அதிலிருந்து கெடுபிடி கூடிவிட்டது. கூட்டுப் பட்டாவா? விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்கியாச்சா?

கொல்லைமேடு:
தனிப் பட்டா. எண்ணும் முகாமில் வாங்கிவிட்டார். மூன்றும் 'ஆம்'தான். தவணைகளும் செலுத்தப்பட்டதாகவே காட்டுகிறது. அதுதான் புரியவில்லை.

வரப்பு:
தம்பி, அப்படியென்றால் பணம் நிற்கவில்லை, வேறு கணக்குக்குப் போயிருக்கிறது. பல பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து இப்போது பணம் போடுவதில்லை. ஆதார் எண்ணுக்குத்தான் அனுப்புகிறார்கள். அந்த ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு மானியத்துக்காக இணைக்கப்பட்டதோ, அங்கே போய் விழும். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்க முடியும். அப்பா இடையில் வேறு எங்கேயாவது கைரேகை வைத்துக் கணக்கு தொடங்கினாரா என்று கேளுங்கள்.

ஆதார் தளத்தில் அவர் எண்ணைப் போட்டு நுழைந்தால் 'வங்கி இணைப்பு நிலை' என்று ஒன்று இருக்கும். ஓடிபி அவர் போனுக்கு வரும், போனிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியின் பெயர் அதில் தெரிந்துவிடும்.

கொல்லைமேடு:
அண்ணா, பார்த்தேன். அஞ்சலக வங்கி என்று வருகிறது! நூறு நாள் வேலைக் கூலி 2024 ஜனவரியிலிருந்து ஆதார் வழியாகத்தான் என்றதும், தபால்காரரிடம் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார். அப்புறம் முட்டி வலியால் வேலைக்கே போகவில்லை, கணக்கையும் மறந்துவிட்டார். பாஸ்புக் கிடையாது, ஒரு க்யூஆர் அட்டைதான். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்து அம்மா எடுத்துக் கொடுத்தார். இதைப் பழைய வங்கிக்கே மாற்ற முடியுமா?

வரப்பு:
முடியும். பழைய வங்கிக் கிளைக்கு ஆதார் நகலோடு போய், 'மானியம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும், என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பு) இணைப்பு செய்யுங்கள்' என்று சொல்லி ஒப்புதல் படிவம் கொடுக்கச் சொல்லுங்கள். 'ஆதார் ஏற்கனவே இணைந்திருக்கிறதே' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். கணக்கில் ஆதார் சேர்ப்பது வேறு, மானியத்துக்கான இணைப்பு வேறு. அதை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் மாற்றினால் அவர் பெயரில் ஆதார் வழியாக வரும் எல்லாப் பணமும் அங்கேதான் போகும்.

என்னைக் கேட்டால் மாற்றவே வேண்டாம். முட்டி வலியோடு எதற்கு பஸ் ஏற வேண்டும்? தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பார்.

பனங்காடு:
இடையில் ஒரு கேள்வி. அப்பா இறந்து, 2022இல் பட்டா என் பெயருக்கு மாறியது. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குக் கிடையாது என்கிறார்களே?

ஏரிக்கரை:
அது விலைக்கு வாங்கியவர்களுக்கு. வாரிசாக வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, புதுப் பட்டாவோடு விண்ணப்பியுங்கள். அப்பா பெயரில் இன்னும் பணம் வந்துகொண்டிருந்தால் வேளாண் அலுவலரிடம் சொல்லி முதலில் நிறுத்திவிடுங்கள், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

கொல்லைமேடு:
இன்று காலை தபால்காரர் வந்தார். 6,000 ரூபாயும் அப்படியே இருந்தது. அப்பா இப்போது உரக்கடையில் நிற்கிறார். வரப்பு அண்ணா, ரொம்ப நன்றி.